சபையின் காசு எந்த முகவரிக்குப் போகிறது?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 27 வருடம் கணக்கு எழுதிய ஆள் நான். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் என் பேனையைத் தாண்டித்தான் போயின. 2018இல் ஓய்வு பெற்றேன். இப்போது யாழ்ப்பாணம் அரியாலையில் எங்கள் சனசமூக நிலையத்தின் பொருளாளர். அதோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து மிளகாய்த்தூள் அரைக்கிறோம், ஓடர் வந்தால் மதியச் சாப்பாடு சமைத்துப் பார்சல் கொடுக்கிறோம். மாநகர சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த அடுப்படியில் இருந்துதான் வந்தது.

யாழ்ப்பாணம் முன்னேற வேண்டுமென்றால் வெளியிலிருந்து யாராவது வர வேண்டும் என்றுதான் எங்கள் கதை எப்போதும் போகும். 2009இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்தது. வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசையாக வந்தன. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் பெரிய கடைத் தொகுதி வந்தது. 2014இல் யாழ்தேவி ரயில், 2019இல் பலாலிக்கு விமானம். வந்ததில் எனக்குச் சந்தோசம்தான், யாழ்தேவியில் முதல் மாதமே ஏறியவள் நான். ஆனால் கணக்கு எழுதிய கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. சாமான் வந்த அதே பாதையால் காசு கொழும்புக்குத் திரும்பிப் போகிறது. நுண்கடன் வந்த கதையை எங்கள் பெண்களிடம் கேளுங்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

வெளியிலிருந்து புதிதாகக் காசு கொண்டுவரும் வழி எதையும் இங்கே நான் எழுதவில்லை. சபை, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கச்சேரி (மாவட்ட செயலகம்) என்று எங்கள் ஊரிலேயே ஏற்கெனவே செலவாகிற பொதுக்காசு இருக்கிறது. அதை ஊரைவிட்டுப் போகுமுன் இன்னும் இரண்டு மூன்று கை மாற வைப்பதற்கு ஒரு தெரு ஆட்கள் என்ன செய்யலாம் என்பதே விசயம். ஒரு வருடம் பிடிக்கும்.

முதலில் உங்கள் தெருவின் கணக்கு

சபையிடம் போகுமுன் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். பன்னிரண்டு வீட்டைப் பேசிப் பிடியுங்கள். ஒரு கிழமைக்கு அந்த வீடுகள் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாவையும் நான்கு பத்தியில் எழுத வேண்டும்: என்ன வாங்கியது, எவ்வளவு, யாரிடம், அந்த ஆளின் முகவரி எங்கே. கடைசிப் பத்திதான் முக்கியம். பாண் வாங்கினால் பேக்கரி பக்கத்துத் தெருவில் இருக்கும், முகவரி அரியாலை. கோதுமை மா எங்கிருந்து வந்தது என்று அதற்கும் பின்னால் ஓடத் தேவையில்லை. முதல் கையை மட்டும் எழுதினால் போதும்.

நாங்கள் இதைச் செய்தபோது பன்னிரண்டில் ஒன்பது வீட்டில் ஏதோ ஒரு லீசிங் கட்டுக்காசு இருந்தது: மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி. எல்லாக் காசுக்கும் முகவரி கொழும்பு. மூன்று வீட்டில்தான் பசும்பால். மற்ற எல்லாரும் பால்மா, அதுவும் நியூசிலாந்திலிருந்து. மீன் மட்டும் முழுக்க எங்கள் ஊர், பாசையூர்க் கரையிலிருந்து வந்தது. ஒரு ஆளும் ஒரு ஆளைக் குற்றம் சொல்லாமல் அந்தப் பக்கங்களைச் சுற்றிக் கொடுத்து வாசித்தோம். அன்றைக்குத்தான் என்னோடு சமைக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எங்கட வீட்டுக் கணக்கைப் பாத்தம். நாங்கள் சோலைவரி கட்டுறமே, அந்தக் காசு எங்க போகுது?"

நீங்கள் எந்தச் சபைக்கு உரியவர்?

சிரிக்காதீர்கள், பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணம் என்று முகவரி எழுதுகிற எல்லாரும் மாநகர சபைக்குள் இல்லை. நல்லூர்க் கோயில் மாநகரத்துக்குள். திருநெல்வேலிச் சந்தையும் பல்கலைக்கழக வாசலும் நல்லூர்ப் பிரதேச சபைக்குள். வீடு, காணிக்குச் சபை அறவிடுகிற சோலைவரியின் பற்றுச்சீட்டில் எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று இருக்கும். அதை எடுத்து வையுங்கள். ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. கழிவுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டின பற்றுச்சீட்டோடு போய்க் கேட்கும்போது குரலே வேறு மாதிரி வரும்.

வரவு செலவுத் திட்டத்தில் எதை வாசிப்பது

நிதி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வரைவு வாக்கெடுப்புக்கு வருமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தல் பத்திரிகையில் வரும். தடித்த புத்தகம்தான், பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் வாசிக்கப் போனால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

வருமானத்தில் சபைக்கே உரிய காசை மட்டும் பிரித்துப் பாருங்கள்: சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், காணி கைமாறும்போது வருகிற முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். செலவில் சம்பளத்தைத் தாண்டி வாருங்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறார்கள், அந்தக் காசு எங்கள் சந்தைக்குத்தான் வருகிறது. அதற்குப் பிறகு வருகிற செலவுத் தலைப்புகளில் நின்று நிதானியுங்கள்: எரிபொருள், வாகனத் திருத்தம், காகிதாதிகள், சீருடை, உபசரிப்பு, வீதி விளக்கு, வடிகால், கழிவகற்றல். இவைதான் வாங்குகிற செலவுகள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதை எங்கள் ஊரில் ஒரு ஆளால் செய்து கொடுக்க முடியுமா? டீசலுக்கு முடியாது. சீருடை தைக்க முடியும். கூட்டத்துக்குத் தேநீரும் சிற்றுண்டியும் கொடுக்க முடியும். சிறிய வடிகாலை ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் கட்டும், கட்டியும் இருக்கிறார்கள்.

எரிபொருள் செலவை மட்டும் விட்டுவிட வேண்டாம், அதற்குப் பின்வாசல் ஒன்று உண்டு. மாநகரத்தின் குப்பை கல்லுண்டாய்க்குப் போகிறது. சந்தையில் மிஞ்சுகிற வாழைத்தண்டும் கீரையும் கறிவேப்பிலைத் தண்டும் அவ்வளவு தூரம் லொறியில் ஏறிப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் மாடு வளர்க்கிறவர்களும் பசளை போடுகிறவர்களும் விடியற்காலையில் எடுத்துப் போனால், ஒரு லொறி ஓட்டம் மிச்சம். மிச்சமான டீசல் காசு இறக்குமதிக்குப் போகாது.

முகவரியைக் கேட்கும் கடிதம்

திட்டத்தில் தொகை இருக்கும், யாருக்குப் போனது என்று இருக்காது. அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்கு நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

எங்கள் முதல் கடிதம் வீணாய்ப் போனது, அது என் பிழை. "கடந்த ஐந்து வருடச் செலவுகளின் முழு விபரம்" என்று கேட்டிருந்தேன். எந்த அலுவலரும் அதைப் பார்த்துப் பெருமூச்சுதான் விடுவார். இரண்டாம் முறை ஒரே ஒரு வருடம், சில வகைச் செலவு மட்டும், நான்கு பத்தி என்று கேட்டேன். பட்டியல் வந்தது. அந்தக் கடிதத்தின் வாசகத்தைக் கடைசியில் தருகிறேன்.

பட்டியல் வந்ததும் மூன்று நிறப் பென்சில் எடுங்கள். முகவரி யாழ் மாவட்டத்துக்குள் என்றால் பச்சை, வடமாகாணத்துக்குள் என்றால் மஞ்சள், வெளியே என்றால் சிவப்பு. சிவப்பாக இருப்பதெல்லாம் களவு என்று கத்தக் கூடாது. நீர்ப்பம்பியும் கணினியும் இங்கே செய்வதில்லை, சிவப்பாகத்தான் இருக்கும். இங்கே செய்யக்கூடிய ஒன்று சிவப்பாக இருந்தால் அதற்கு மட்டும் வட்டம் போடுங்கள். நாங்கள் மூன்று வட்டம் போட்டோம்: பயிற்சி வகுப்புகளுக்கான சாப்பாடு, துணிப்பை, அச்சு வேலை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் லங்கஷயரில் பிரெஸ்டன் என்று ஒரு நகரம். பெரிய கடைத் தொகுதி ஒன்று வந்து ஊரைத் தூக்கிவிடும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2011இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு நகர சபையும் மாவட்ட சபையும் பொலிசும் கல்லூரிகளும் வீடமைப்பு நிறுவனமும் ஒன்றாக இருந்து, தாங்கள் வாங்குகிற சாமான் எந்த முகவரியில் இருந்து வருகிறது என்று எழுதிப் பார்த்தார்கள். 2012/13இல் அந்த நிறுவனங்கள் பிரெஸ்டனுக்குள் செலவழித்தது 38 மில்லியன் பவுண், மொத்தத்தில் 5 வீதம். 2016/17இல் அது 112 மில்லியன், 18 வீதம். வரியைக் கூட்டியோ வெளியாரைத் தடுத்தோ இதைச் செய்யவில்லை. பெரிய ஒப்பந்தத்தைச் சிறு துண்டாக உடைத்தார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஒரே ஒப்பந்தம் போடாமல் முட்டை தனி, தயிர் தனி, பால் தனி என்று கேட்டதும் அந்தப் பக்கத்துப் பண்ணையாட்களால் விலை போட முடிந்தது.

அவ்வளவு தூரம் போகப் பிடிக்காவிட்டால் கேரளத்தைப் பாருங்கள். எங்கள் புகையிலை ஒரு காலத்தில் திருவனந்தபுரத்துக்குக் கப்பலேறியது, அதை விற்கக் கூட்டுறவுச் சங்கமே வைத்திருந்தோம். அதே கேரளத்தில், வடகரைப் பக்கம், 1925இல் கூலித் தொழிலாளர் சேர்ந்து தொடங்கியது ஊராளுங்கல் தொழில் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். வேலைசெய்கிறவர்களே உரிமையாளர். இன்றைக்கு அவர்கள் பாலம் கட்டுகிறார்கள், நெடுஞ்சாலை போடுகிறார்கள்.

பதிவு இல்லாமல் ஒன்றும் நடக்காது

பட்டியலை வைத்துக்கொண்டு "எங்களுக்குத் தாருங்கள்" என்று போனால், முதல் கேள்வி நீங்கள் யார் என்பதுதான். சனசமூக நிலையமாக இருந்தால் சபையில் பதிவு புதுப்பித்திருக்க வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாக இருந்தால் பிரதேச செயலகம். தொழிலாகச் செய்கிறீர்கள் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு. சாப்பாடு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலிடத்தைப் பார்க்க வேண்டும். அவரைக் கண்டு ஒளிக்காதீர்கள். எங்கள் குசினியில் தண்ணீர் வடிகிற வழி சரியில்லை என்று அவர் சொல்லித் திருத்தினது எங்களுக்குத்தான் நல்லதாய்ப் போனது. பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம். ஒரு ஆளின் சொந்தக் கணக்கில் காசு போகத் தொடங்கினால் சங்கம் உடையும். எத்தனை சங்கம் அப்படி உடைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு விசயம். பொது நிறுவனங்கள் அடுத்த வருடத்துக்கான விநியோகஸ்தர் பதிவு அறிவித்தலை வருடக் கடைசியில் பத்திரிகையில் போடுவார்கள். உதயன், வலம்புரி, தினக்குரல் எல்லாவற்றிலும் வரும், சின்ன எழுத்தில், மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில். சிறு கட்டணம் கட்டி, எந்த வகைப் பொருள் என்று குறித்துப் பதிய வேண்டும். பதிந்தவர்களிடம்தான் வருடம் முழுவதும் விலை கேட்பார்கள். ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை எங்கள் நிலையத்தில் அறிவித்தல் பக்கத்தை வாசிப்பது ஒரு ஆளின் வேலை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருக்கிற ஒரு தம்பிதான் செய்கிறான். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவான்.

விலை போடும்போது

இதில்தான் நாங்கள் விழுந்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019இல் ஒரு அரச நிறுவனம், பெயர் வேண்டாம், மூன்று நாள் பயிற்சிக்கு நாளுக்கு அறுபது சாப்பாட்டுப் பார்சல் கேட்டது. வேலை கிடைக்க வேண்டுமே என்ற அவாவில் பார்சல் 180 ரூபா என்று போட்டோம். அரிசி, மரக்கறி, தேங்காய், மீன் எல்லாம் கணக்குப் பார்த்தோம். விறகைப் பார்க்கவில்லை. ஓட்டோக் கூலியைப் பார்க்கவில்லை. வாழையிலையும் தாளும் நூலும் பார்க்கவில்லை. எங்கள் கூலியை எழுதவே இல்லை, வீட்டுச் சமையல் மாதிரித்தானே என்று. காசோலை நான்கு மாதம் கழித்து வந்தது. அந்த நான்கு மாதமும் கடைக்காரருக்குச் சொல்லிச் சமாளிக்க முடியாமல் என் காப்பை அடைவு வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்தோம். ஒரு கிழமை முழுக்க, சமைக்கிற ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தோம். பத்துப் பார்சலுக்கு எத்தனை தேங்காய், எத்தனை கிலோ அரிசி, எத்தனை மணித்தியாலம், யார் யார் நின்றது. வெங்காயத்தில் தோல் போக மிஞ்சுகிற நிறை கூட எழுதினோம். இப்போது விலை போடும்போது சாமானின் காசு, எரிவாயு, பொதி, ஓட்டோ, ஆளுக்கு மணித்தியாலக் கூலி, பிறகு காசு தாமதமாகிற மாதங்களுக்கான வட்டி, எல்லாவற்றுக்கும் மேல் பத்து வீதம் சங்கத்தின் சேமிப்புக்கு. கூட்டினால் வருகிற விலை வெளியாரின் விலையை விடக் கூடினால், அந்த ஓடரை விட்டுவிடுகிறோம். கூலியைக் குறைத்து ஓடரைப் பிடிப்பது எங்களையே நாங்கள் தின்பது.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். வேளாண் திணைக்களம் திறந்த அம்மாச்சி உணவகங்களில் எங்கள் பெண்கள் நிற்பதைப் பாருங்கள். கட்டடம் அரசினது, சமைத்து விற்பவர்கள் பெண்கள், காசு அன்றன்றைக்கே அவர்கள் கையில். தோசையும் ஒடியல் கூழும் விற்றே வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் காசோலைக்குக் காத்திருக்க முடியாத சங்கங்கள் அந்த மாதிரி இடத்தைக் கேட்பதே நல்லது.

உறுப்பினர்களிடம் போவது

யாழ் மாநகர சபையில் 45 உறுப்பினர்: 27 பேர் வட்டாரத்தால், 18 பேர் கட்சிப் பட்டியலால். 2018 தேர்தலில் கூடிய ஆசனம் எடுத்த கட்சிக்கே 16தான். 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றது. இரண்டாம் முறையும் தோற்றால் மாநகர முதல்வர் பதவி போய்விடும் என்பது சட்டம், அப்படியே போனது. அந்த மாதம் 30ஆம் திகதி புதிய முதல்வர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்தார். 2025 மே 6இல் நடந்த தேர்தலிலும் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இதைப் பலர் ஊரின் சாபம் என்று சொல்வார்கள். ஒரு தெரு ஆட்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஒவ்வொரு உறுப்பினரின் கையும் கணக்கில் எடுபடுகிற சபையில் உங்கள் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும். ஆனால் ஒரு கட்சியிடம் மட்டும் போகக் கூடாது. அவர்கள் கொண்டுவந்தால் இவர்கள் எதிர்ப்பார்கள், உங்கள் வடிகால் அதற்குள் அகப்பட்டுவிடும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்சியின் உறுப்பினர்களை ஒரே நாளில், ஒரே பக்கக் கடிதத்தோடு பாருங்கள். இவரிடம் போனதை அவரிடமும் அவரிடம் போனதை இவரிடமும் மறைக்காதீர்கள். பட்டியலில் வந்த பெண் உறுப்பினர்களை விட்டுவிடாதீர்கள். வட்டாரம் இல்லாதவர்கள் என்று யாரும் அவர்களைத் தேடிப் போவதில்லை. எங்கள் கொப்பியை முழுதாக வாசித்தவர் அப்படி ஒருவர்தான்.

எப்போது போவது? முதல் முறை நாங்கள் டிசம்பரில் போனோம். உறுப்பினர் ஒருவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "அக்கா, எல்லாம் அச்சடிச்சு முடிஞ்சுது. ஒக்டோபர் தொடங்க முதல் வந்திருக்கலாமே." ஓகஸ்ட், செப்டெம்பரில் போனால் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கும் காலம். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சபையே இல்லாத காலமும் வரும். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், இரண்டு வருடத்துக்கு மேல் ஆணையாளரும் அலுவலர்களும்தான் நடத்தினார்கள். அப்போதும் கடிதம் எழுதலாம், தகவல் கேட்கலாம், விநியோகஸ்தராகப் பதியலாம். அந்த இரண்டு வருடத்தில்தான் நாங்கள் எங்கள் பதிவுகளை எல்லாம் முடித்தோம்.

கடிதத்தில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், தொகையோடு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் சூழலில் கடை போட நிலத்தைச் சபை குத்தகைக்கு விடுகிறது. அதில் இத்தனை துண்டு மாவட்டத்துக்குள் பதிந்த உற்பத்திச் சங்கங்களுக்கு, நிலையான வாடகையில் என்று கேட்கலாம். அல்லது, சபையின் உபசரிப்புச் செலவை ஒரே ஆளுக்குக் கொடுக்காமல் மாதத்துக்கு ஒரு சங்கம் என்று பிரிக்கக் கேட்கலாம். ஒரு ரூபாவும் செலவில்லாத கோரிக்கையும் உண்டு, எனக்கு அதுதான் விருப்பம்: வருடக் கணக்கறிக்கையில் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பக்கத்தில் வழங்குநரின் முகவரி என்று ஒரு பத்தி கூட்டுங்கள். அந்தப் பத்தி வந்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் கடிதம் எழுதத் தேவையில்லை.

"எங்களிடம் எங்கே காசு" என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். யாழ்ப்பாண நூலகம் 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கியது. பிறகு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகம். களியாட்ட விழா வைத்துச் சேர்த்த காசும் சேர்ந்துதான் 1959இல் அந்த வெள்ளைக் கட்டடம் திறந்தது. மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி 1936இலிருந்து நிற்கிறது. வீரசிங்கம் மண்டபத்தில் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போகிறோம். வீரசிங்கம் ஒரு கூட்டுறவுக்காரர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

ஊரார் யார் என்பதிலும் கவனமாக இருங்கள். 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து சோனகத் தெருவில் மறுபடி கடை திறந்திருக்கிறார்கள். அந்த முகவரிக்கும் பச்சைதான். விடியற்காலையில் வீதி கூட்டுகிற குடும்பங்களின் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினால் அவர்களின் முகவரிக்கும் பச்சைதான். உள்ளூர் என்று சொல்லி உறவினருக்கு வாங்கிக் கொடுக்கிற வேலையாக இது மாறினால் நான் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டேன். விலை போட்டவர்களுக்கு முன்னால் உறையைத் திறக்கிற வழக்கம் அரச கொள்முதல் விதிகளிலேயே இருக்கிறது, நாங்களும் போய் நிற்கிறோம்.

எங்கள் நிலைமை இன்றைக்கு: மூன்று வட்டத்தில் ஒன்று பச்சையாகிவிட்டது, சாப்பாடு. துணிப்பைக்கு இந்த வருடம் பதிகிறோம். அச்சு வேலை இன்னும் சிவப்பு.

கடித வாசகம் இதுதான். நிறுவனத்தின் பெயரையும் வருடத்தையும் மாற்றி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

தகவல் அலுவலர் அவர்களுக்கு,

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவலைக் கோருகிறேன். கடந்த நிதி வருடத்தில் உங்கள் நிறுவனம் உணவு, சிற்றுண்டி, துணிப்பொருள், அச்சு வேலை ஆகியவற்றுக்குச் செய்த கொடுப்பனவுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும்: பொருள் அல்லது சேவை, தொகை, வழங்குநரின் பெயர், வழங்குநரின் முகவரி. தமிழில் தரவும். பிரதியெடுக்கும் கட்டணம் இருந்தால் அறிவித்தால் கட்டுவேன்.

இப்படிக்கு, உங்கள் பெயர், முகவரி, திகதி.